வால்டர் ரீடும் ஓர் ஒப்பந்தத்தாளும்

கொசு கடித்தால் காய்ச்சல் வரும் என்பதை இன்று சிறு பிள்ளைகளும் அறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது நகைப்புக்கு இடமான கருத்தாக இருந்தது. கியூபா நாட்டின் தலைநகர் ஹவானாவில் வாழ்ந்த கார்லோஸ் ஃபின்லே என்னும் மருத்துவர், மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசுவே என்று 1881ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மருத்துவ உலகம் அதற்குச் செவிசாய்க்கவில்லை. நோயாளியின் ஆடையும் படுக்கையுமே நோயைக் கடத்துகின்றன என்று நம்பி, அவற்றைக் குவித்துத் தீயிட்டுக்கொண்டிருந்தனர். ஃபின்லேயின் கருத்தை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்த குழுவின் தலைவர் வால்டர் ரீட்.

ரீட் 1851ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். தம் பதினேழாம் வயதிலேயே வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1875இல் படை மருத்துவராகப் பணியேற்று, எல்லைப்புற முகாம்கள் பலவற்றில் நெடுங்காலம் உழைத்தார். பின்னர் நுண்ணுயிரியலைக் கற்றுத் தேர்ந்து, படை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார்.

1898இல் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே போர் மூண்டது. அப்போரில் களத்தில் வீழ்ந்த அமெரிக்க வீரர்களைவிட நோயால் மாண்டவர்களே மிகுதி. போர் முடிந்த பின்னும் கியூபாவில் தங்கியிருந்த படையினரை மஞ்சள் காய்ச்சல் வாட்டியது. காரணம் கண்டறிய 1900ஆம் ஆண்டு நால்வர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ரீடுடன் ஜேம்ஸ் கரோல், ஜெஸ்ஸி லாசியர், அரிஸ்டிடஸ் அக்ரமோன்டே ஆகியோர் அதில் இடம்பெற்றனர்.

அக்காலத்தில் மஞ்சள் காய்ச்சலைத் தாங்கும் ஆய்வு விலங்கு எதுவும் அறியப்படவில்லை. எனவே, மனிதர் மீதே சோதனை செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி எழுந்தது. சில ஆண்டுகளுக்கு முன்புதான், நோய்க்கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்த சனரெல்லி என்னும் இத்தாலிய அறிஞர், மருத்துவமனையில் கிடந்த ஐவருக்கு அவர்தம் இசைவைப் பெறாமலேயே அதனைச் செலுத்தியிருந்தார். மருத்துவர் பலர் அச்செயலைக் கண்டித்தனர். அவருடைய கண்டுபிடிப்பு பிழையானது என நிறுவியவர்களுள் ரீடும் கரோலும் அடங்குவர்.

பிறரைச் சோதிக்கும் முன் தம்மையே சோதித்துக்கொள்வது எனக் குழுவினர் முடிவு செய்தனர். ஆனால், வேறொரு நோயைப் பற்றிய அறிக்கையை முடிப்பதற்காக ரீட் வாஷிங்டன் சென்றுவிட்டார். அவர் இல்லாத வேளையில், ஆகஸ்டு 27ஆம் நாள் கரோல் தம் கையில் கொசுவைக் கடிக்கவிட்டார். கடும் காய்ச்சலுற்று, சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டார். லாசியர் மீளவில்லை. செப்டம்பர் 25ஆம் நாள், முப்பத்து நான்கு வயதில் அவர் உயிர் பிரிந்தது. நோயாளிகளின் அறையில் தற்செயலாகக் கொசு கடித்தது என்றே பதிவு செய்யப்பட்டது. அவர் தம்மீதே சோதனை நடத்தியிருக்கலாம் என்ற ஐயத்தை அவருடைய குறிப்பேடு எழுப்பியது. உண்மை எது என்பது இன்றுவரை தீராத வினா.

அக்டோபரில் திரும்பிய ரீட் தம்மைச் சோதனைக்கு உட்படுத்திக்கொள்ளவில்லை. நாற்பத்தொன்பது வயதில் அது வீண் துணிச்சல் என்று கருதினார். கரோலின் உள்ளத்தில் இது நீங்காத கசப்பாகத் தங்கியது. அதனைக் குறை என்று கூறிவிடவும் இயலாது.

மறைந்த நண்பரின் பெயரால் ‘லாசியர் முகாம்’ நவம்பரில் தொடங்கப்பட்டது. அங்கேதான் மருத்துவ வரலாற்றில் புதியதொரு வழக்கத்தை ரீட் ஏற்படுத்தினார். ஸ்பெயினிலிருந்து அண்மையில் குடியேறியிருந்த ஏழை இளைஞர்கள் சிலர் சோதனைக்கு முன்வந்தனர். அவர்களுக்கென ஓர் ஒப்பந்தத்தாள் எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் மட்டுமன்றி, அவர்களுடைய தாய்மொழியான ஸ்பானிய மொழியிலும் அது அமைந்தது. இச்சோதனையால் நோய் வரக்கூடும், உயிருக்கும் இடர் நேரலாம் என்பது அதில் மறைக்கப்படவில்லை. பங்கேற்போருக்கு நூறு டாலர் மதிப்புள்ள பொன் தரப்படும். நோய் கண்டால் மேலும் நூறு டாலர். இறக்க நேர்ந்தால் அவர் குறிப்பிடுபவரிடம் அப்பணம் சேரும். சிறந்த மருத்துவமும் உறுதி செய்யப்பட்டது. சோதனைக் காலத்தில் முகாமை விட்டு வெளியேறினால் பயன்கள் அனைத்தும் போய்விடும்.

அத்தாளைக் கூர்ந்து படிப்போர்க்கு ஒரு வரி உறுத்தும். அத்தீவில் தங்கியிருக்கும் எவரும் நோயிலிருந்து தப்பவே முடியாது. ஆகவே, தாமாக அதனை வரவழைத்துக்கொள்வதே மேல் என்பது அவ்வரியின் கருத்து. புதிதாக வந்தவர்களை அந்நோய் எளிதில் பற்றியது உண்மை. எனினும், ஒருவரும் தப்பவில்லை என்பது மிகைக்கூற்று. அஞ்சுபவரை இசைய வைக்கும் தூண்டிலாகவும் அது பயன்பட்டிருக்கும். கையில் காசின்றிக் கடல் கடந்து வந்தவனுக்கு நூறு டாலர் பெருஞ்செல்வம். அவன் தலையசைத்தது அறிந்து தந்த இசைவா, வறுமை பெற்றுத் தந்த இசைவா? ரீடைப் போற்றுவோரும் இக்கேள்வியைக் கடந்து செல்ல இயலவில்லை. ஆயினும், கேட்கவே கேட்காமல் ஊசியேற்றிய காலத்தில், முதலில் இடரைச் சொல்லிப் பிறகு கையொப்பம் கேட்டவர் அவர் என்பதும் மெய்.

பணம் வேண்டாம் என்று சொல்லிப் பங்கேற்க முன்வந்தோரும் இருந்தனர். ஜான் கிஸ்ஸிஞ்சர் என்னும் படைவீரரும், ஜான் மோரன் என்னும் எழுத்தரும் அத்தகையோர்.

முகாமில் இரண்டு சிறு வீடுகள் கட்டப்பட்டன. முதல் வீட்டுக்குள் கொசு நுழைய வழியில்லை. நோயாளிகளின் குருதியும் வாந்தியும் படிந்த துணிகளை அங்கே விரித்து, அவற்றின் மேல் மூவர் இருபது இரவுகள் உறங்கினர். குமட்டலைத் தாங்காமல் முதல் நாள் வெளியே ஓடி வந்தவர்கள், மீண்டும் உள்ளே சென்று படுத்தனர். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. இரண்டாம் வீடு தூய்மையானது. நடுவே கம்பிவலைத் தடுப்பு இருந்தது. ஒரு பக்கத்தில் நோயாளியைக் கடித்த கொசுக்கள் விடப்பட்டன. அங்கே படுத்த மோரன் கிறிஸ்துமஸ் நாளன்று காய்ச்சலில் விழுந்தார். மறுபக்கத்தில் அதே காற்றைச் சுவாசித்தவர்கள் நலமாக இருந்தனர். இருவகை மக்களையும் பிரித்தது ஒரு வலை மட்டுமே. அம்முகாமில் நோயுற்றோர் அனைவரும் பிழைத்தெழுந்தனர்.

நோயைப் பரப்பியது ஏடிஸ் எகிப்தி என்னும் கொசு. தமிழ்நாட்டில் டெங்குவைப் பரப்புவதும் அதுவே. தேங்கிய நீரை அகற்றும் பணியை வில்லியம் கோர்காஸ் மேற்கொண்டதும், 1901ஆம் ஆண்டிலேயே ஹவானாவில் மஞ்சள் காய்ச்சல் அடங்கியது. முதற்பெருமை ஃபின்லேயையே சாரும் என்பதை ரீடின் குழு மறைக்கவில்லை. சோதனைக்குரிய கொசு முட்டைகளைத் தந்தவரும் அவரே.

புகழை நெடுநாள் துய்க்க ரீடுக்கு வாய்க்கவில்லை. குடல்வால் அழற்சிக்கு அறுவை செய்தும் பயனின்றி, 1902 நவம்பரில், ஐம்பத்தொன்றாம் வயதில் அவர் மறைந்தார். லாசியரின் குறிப்பேடு அதன்பின் காணாமற்போயிற்று. ஸ்பானிய இளைஞர் ஒருவருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தாள், ரீட் பயின்ற வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கிறது.