ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 – மே 24, 1960) தமிழ்நாட்டின் வேலூரில் உள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியையும் மருத்துவமனையையும் நிறுவிய அமெரிக்க மருத்துவர் ஆவார். மருத்துவப் பள்ளி தொடங்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 1909 ஆம் ஆண்டில், இவர் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அறுவைச் சிகிச்சையின் வெற்றி அதற்கு முன்னும் பின்னும் நோயாளிக்குக் கிடைக்கும் பராமரிப்பைப் பொறுத்தது என்பதற்கு இவரது பணி சான்றாகும்.

இளமையும் கல்வியும்

ஐடா இராணிப்பேட்டையில் பிறந்தார். இவரது பாட்டனார் 1819 இல் இலங்கைக்கு வந்த மதபோதக மருத்துவர். தந்தை இரண்டாம் ஜான் ஸ்கடரும் மருத்துவரே. அமெரிக்காவில் பள்ளிக் கல்வி பெற்ற ஐடா, நோயுற்ற தாயைக் கவனிப்பதற்காக 1890 இல் திண்டிவனம் வந்தார். அங்கு ஓர் இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியே வந்து, பிரசவத்தில் துன்புறும் தத்தம் மனைவியைக் காப்பாற்றுமாறு வேண்டினர். ஆண் மருத்துவர் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படித்திராதவர். மூன்று பெண்களும் இறந்தனர். இந்நிகழ்வே இவரை மருத்துவம் படிக்கத் தூண்டியது. 1899 இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

வேலூரில் தொடக்கம்

1900 இல் இந்தியா திரும்பிய ஐடா, வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அதே ஆண்டில் தந்தை காலமானதால் தனித்து இயங்க வேண்டியதாயிற்று. 1902 இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. தொடக்க காலத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் எவரும் இல்லை. வீட்டுப் பணியாளரின் மனைவியான சலோமி என்பவரே இவருக்கு உதவியாளராக இருந்து, பணியின் ஊடே பயிற்சி பெற்றார்.

செவிலியர் பயிற்சி

அக்காலத்தில் ஈத்தர், குளோரோபாம் ஆகியன மயக்க மருந்துகளாகப் பயன்பட்டன. மயக்க நிலையில் வாந்தி மூச்சுக்குழாயில் புகுந்தால் உயிருக்கு ஆபத்து நேரும். எனவே அறுவைக்கு முன் வயிறு காலியாக இருத்தல் வேண்டும். உறவினர் அன்பினால் ஊட்டும் சிறிது கஞ்சியும் கேடாக முடியலாம். அறுவைக்குப் பின்னர், மயக்கம் தெளியும்வரை நோயாளியின் அருகிலிருந்து மூச்சையும் நாடித்துடிப்பையும் கவனிக்க வேண்டும். பெனிசிலின் 1940 களில்தான் பரவலாகக் கிடைத்தது. அதற்கு முன்பு புண்ணில் சீழ் பிடிக்காமல் காப்பதற்குக் கொதிநீரில் இட்ட கருவிகள், கழுவிய கைகள், தூய கட்டுத்துணி ஆகியவையே முதன்மையான வழிகளாக இருந்தன. இரவும் பகலும் தொடரும் இப்பணியை ஒரு மருத்துவர் தனியே செய்ய இயலாது.

எனினும் பிறர் புண்ணையும் கழிவையும் தொடும் வேலை இழிவானது என்ற எண்ணம் அன்று நிலவியது. பெண்களை வெளியூரில் தங்கிப் படிக்க அனுப்பவும் குடும்பங்கள் தயங்கின. இச்சூழலில் 1909 இல் தொடங்கப்பட்ட செவிலியர் பள்ளியை டெலியா ஹௌட்டன் என்ற அமெரிக்கச் செவிலியர் பொறுப்பேற்று நடத்தினார். 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வேலூரில் தொடங்கியது. குடியாத்தம் செல்லும் வழியில் மரத்தடிகளில் வாரந்தோறும் நோயாளிகளைப் பார்க்கும் சாலையோர மருத்துவத்தையும் ஐடா நடத்தினார்.

பிற்காலமும் தாக்கமும்

1946 இல் வேலூர் செவிலியர் பள்ளி, சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பை முதன்முதலில் தொடங்கிய நிறுவனங்களுள் இது ஒன்று. அதே ஆண்டில் ஐடா பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்றார். 1960 இல் கொடைக்கானலில் காலமானார்.

அதற்கு அடுத்த ஆண்டு, இந்தியாவின் தொடக்ககாலத் திறந்த இதய அறுவைச் சிகிச்சைகளுள் ஒன்று வேலூரில் நடைபெற்றது. பல நாள்கள் இடைவிடாக் கண்காணிப்பு தேவைப்படும் அத்தகைய சிகிச்சைக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் இன்றியமையாதவர்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்த இவ்வூருக்குக் கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் சிகிச்சைக்கு வருகின்றனர்.