கார் செய்யப் புறப்பட்டவர் கட்டிய விமான ஆலை

2018-இல் மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்த இரு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்களுள் ஒன்று தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது. சென்னை, கோவை, ஒசூர், திருச்சி ஆகிய நகரங்களோடு சேலமும் அதன் முனையங்களுள் ஒன்று. லாரிகளுக்குக் கூண்டு கட்டும் நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வாகனங்களுக்குப் பெயர்பெற்ற திருச்செங்கோடும் சேலத்தை ஒட்டியே உள்ளன. சாலை வாகனத்தில் பழகிய கைகள் வானூர்திப் பணிக்கு மாற முடியுமா என்ற கேள்வி இங்கே இயல்பாக எழுகிறது. சேலத்திலிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூரில் இக்கேள்வியை 1940-இலேயே எதிர்கொண்டவர் வால்சந்த் ஹிராசந்த். அவருடைய வாழ்க்கை அதற்கு ஒரு விடையையும் ஓர் எச்சரிக்கையையும் வைத்திருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில், குஜராத்தி சமண வணிகக் குடும்பம் ஒன்றில் 1882-இல் பிறந்தவர் வால்சந்த். வட்டிக்கடையும் பருத்தி வணிகமும் குடும்பத் தொழில்கள். அவருக்கோ அவற்றில் மனம் செல்லவில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, இருப்புப்பாதை அமைக்கும் ஒப்பந்தக்காரரானார். மும்பை - புணே வழியிலுள்ள போர் மலைத்தொடர் சுரங்கப் பாதைகள் அவருடைய நிறுவனம் மேற்கொண்ட பெரும்பணிகளுள் அடங்கும்.

1919-இல் நண்பர்களுடன் சேர்ந்து சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் லாயல்டி என்ற கப்பல் அவ்வாண்டு ஏப்ரல் 5 அன்று மும்பையிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளே இன்று தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகிறது. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தை ஆங்கிலேயரின் கட்டணப் போட்டியும் அடக்குமுறையும் வீழ்த்திய கதையைத் தமிழர் அறிவோம். அத்தகைய போட்டியைத் தாங்கி நின்றது சிந்தியா.

அடுத்து அவர் கனவு கண்டது கார். மைசூரின் முன்னாள் திவான் விஸ்வேஸ்வரய்யா 1930-களில் இந்தியக் கார் தொழிற்சாலைக்கான திட்டத்தை முன்வைத்தபோது வால்சந்த் அதில் தீவிரமாக ஈடுபட்டார். மும்பை மாகாணக் காங்கிரஸ் அரசு ஆதரவளிக்க முன்வந்தது. ஆனால், போர் மூண்டதும் 1939-இல் அந்த அமைச்சரவை பதவி விலகியது. போர் முயற்சிக்குக் கார் ஆலை தேவையில்லை என்று கருதிய தில்லி, அத்திட்டத்துக்குக் கைகொடுக்கவில்லை.

அதே ஆண்டு அமெரிக்கப் பயணத்தை முடித்துப் பசிபிக் பெருங்கடலின் மேல் பறந்து திரும்பிய வால்சந்த், வில்லியம் பாலி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். சீனாவில் விமான ஆலை நடத்திவந்தவர் பாலி. அங்கே முடிந்தது இந்தியாவில் ஏன் முடியாது என்ற எண்ணம் இச்சந்திப்பில் வேர்கொண்டது. மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்த மைசூர் சமஸ்தானம் நிலமும் முதலீடும் தந்தது. 1940 டிசம்பர் 23 அன்று, 4 கோடி ரூபாய் அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்துடன் ஹிந்துஸ்தான் விமான நிறுவனம் பெங்களூரில் உருவானது. இயந்திரங்களையும் வல்லுநர்களையும் பாலி அமெரிக்காவிலிருந்து திரட்டினார். கார் ஒன்றைக்கூடச் செய்யாத தொழிலதிபர், விமான ஆலையின் நிறுவனரானார்.

1941-இல் இந்திய அரசு மூன்றில் ஒரு பங்கை வாங்கியது. ஹார்லோ பயிற்சி விமானம் அவ்வாண்டே ஆலையிலிருந்து வெளிவந்தது. கர்டிஸ் ஹாக் போர் விமானம் அடுத்த ஆண்டு பறந்தது. இவை பெரும்பாலும் அமெரிக்கப் பாகங்களைக் கொண்டு பூட்டப்பட்டவை. எண்ணிக்கையிலும் மிகக் குறைவு. ஆனாலும், இந்தியத் தொழிலாளர்களால் விமானம் செய்ய முடியும் என்பதற்கு அதுவே முதற்சான்று.

அதற்குள் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்துவிட்டது. 1942 ஏப்ரல் 2 அன்று, வால்சந்தின் பங்குகளை வாங்கி ஆலையை அரசே எடுத்துக்கொண்டதாக அறிவிக்கப்பட்டது. நான்கு நாள்கள் கழித்து, அவருடைய சிந்தியா நிறுவனம் கப்பல் கட்டும் தளம் அமைத்துவந்த விசாகப்பட்டினத்தில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1943-இல் பெங்களூர் ஆலை அமெரிக்க விமானப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. உற்பத்தி ஒதுக்கப்பட்டு, பழுதுபார்ப்பே முழுநேரப் பணியானது. கேட்டலினா கடல் விமானம் தொடங்கி, இந்திய - பர்மா களத்தில் பறந்த விமானங்கள் பலவும் அங்கே செப்பனிடப்பட்டன.

இதே காலத்தில் அமெரிக்காவில் ஃபோர்டு குடும்பத்தின் கார் நிறுவனம் வில்லோ ரன் ஆலையில் ஏறத்தாழ மணிக்கு ஒரு குண்டுவீச்சு விமானம் செய்யும் நிலையை 1944-இல் எட்டியது. காரணம் வெளிப்படை. கார் தொழிலால் அங்கே பல்லாண்டுகளாக வளர்ந்த பொறியாளர்களும் உதிரிபாகப் பட்டறைகளும் போர் வந்தபோது விமானத்துக்குத் திரும்பினர். இங்கோ அந்த அடித்தளத்தை இட வந்தவருக்கே வாய்ப்பு மறுக்கப்பட்டது. அடித்தளம் இன்றி எழுந்த விமான ஆலை, போர் தீவிரமானதும் பணிமனையாகச் சுருங்கியது. அமைதிக் காலத்தில் அலட்சியம் செய்த தொழிலை ஆபத்துக் காலத்தில் ஒரே நாளில் வரவழைக்க முடியாது என்பதே அந்த ஆண்டுகள் தரும் பாடம்.

வால்சந்தை வெறும் தியாகியாகக் காட்டுவது உண்மையாகாது. காங்கிரஸ் போருக்கு ஒத்துழைக்க மறுத்த நாள்களில் பிரிட்டிஷ் அரசின் போர்த் தேவையில் வணிக வாய்ப்பைக் கண்டவர் அவர். அந்நிய அரசின் கொள்முதலை நம்பித் தொடங்கிய ஆலையை அந்த அரசே எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பிய தொழிலின் வாழ்வும் தாழ்வும் அந்த வாடிக்கையாளர் கையில்தான் இருக்கும்.

எனினும், கார் கனவை அவர் கைவிடவில்லை. 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1947-இல் வாகனங்கள் வெளிவரத் தொடங்கின. பின்னாளில் பத்மினி காரைத் தந்தது அந்த நிறுவனமே. பெங்களூர் ஆலையும் வீண்போகவில்லை. பழுதுபார்த்துப் பழகிய தொழிலாளர்களையும் இயந்திரங்களையும் கொண்ட அந்த ஆலை, காட்கே தலைமையில் வடிவமைக்கப்பட்ட எச்.டி.-2 பயிற்சி விமானத்தை 1951-இல் பறக்கவிட்டது. வால்சந்த் மறைந்தது 1953-இல்.

சேலம், நாமக்கல் பட்டறைகளில் பற்றவைப்பவர்களும் கடைசல்காரர்களும் ஏராளம். அவர்களிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. வழித்தடம் என்ற பெயரும் ஒதுக்கிய நிலமும் மட்டும் அவர்களை வானூர்திப் பணிக்கு இட்டுச்செல்லாது. பல்லாண்டு நீடிக்கும் கொள்முதல் ஆணைகள், அருகிலேயே தரச்சோதனைக் கூடங்கள், ஒரு துறை சரிந்தால் மற்றொன்று தாங்கும் வகையில் லாரிக்கும் வானூர்திக்கும் ஒருசேரப் பணி - இவை வேண்டும். வால்சந்துக்கு இவற்றை அந்நிய அரசு தரவில்லை. நம்முடைய அரசுகளுக்கு அந்தச் சாக்கு இல்லை.