ஊர்தோறும் ஒளி கொண்டுசென்றவர்

திரையரங்கு இல்லாத சிற்றூருக்கும் திரைப்படம் உரியது என்று நிலைநாட்டியவர் ஜான் கிரியர்சன். இவர் 1898 ஏப்ரல் 26ஆம் நாள் ஸ்காட்லாந்தின் டீன்ஸ்டன் என்னும் ஊரில் பள்ளியாசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். முதல் உலகப்போரில் கண்ணிவெடி அகற்றும் கப்பல்களில் பணியாற்றியபின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1924இல் அமெரிக்கா சென்று, செய்தித்தாளும் திரைப்படமும் மக்கள் கருத்தை உருவாக்கும் முறையை ஆராய்ந்தார். பெருகிவரும் பொதுச்செய்திகளைக் குடிமக்களுக்கு விளங்கவைக்கத் திரைப்படமே ஏற்ற கருவி எனத் தெளிந்தார். 1929இல் மீனவர் உழைப்பைக் காட்டும் 'டிரிப்டர்ஸ்' படத்தை இயக்கினார்.

1939இல் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் முதல் ஆணையரானார். 1942 முதல் வாரியத்தின் ஊழியர்கள் 16 மி.மீ. படக்கருவியுடன் கிராமங்களைச் சுற்றிவந்தனர். மின்சாரமில்லாத இடங்களுக்கு மின்னாக்கியையும் சுமந்தனர். பகலில் பள்ளிப் பிள்ளைகளும், இரவில் பொதுமண்டபத்தில் ஊராரும் படம் பார்த்தனர். படம் முடிந்ததும் கலந்துரையாடல் நிகழும். போர்க்கால அரசின் குரலும் அப்படங்களில் ஒலித்தது உண்மையே. ஆயினும், பார்த்தவர் பேசவும் இடமிருந்தது.

1945இல் பதவி விலகினார். அடுத்த ஆண்டு, உளவு விசாரணை ஒன்றில் அவர்மேலும் ஐயம் படர்ந்தது. குற்றம் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் அமெரிக்காவின் வாயில் அவருக்கு அடைபட்டது. 1957 முதல் ஸ்காட்லாந்துத் தொலைக்காட்சியில் உலக ஆவணப்படங்களை அறிமுகம் செய்து, மீண்டும் மக்களின் ஆசிரியரானார். 1972 பிப்ரவரி 19இல் மறைந்தார். மக்களைக் கூட்டிவைத்துக் காட்டுவதோடு அமையாமல், அவர்களைப் பேசவும் வைத்ததே அவர் பெருமை.