எஃகின் சோர்வறிந்த வோலர்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கு இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்துகள் ஏறுகின்றன. பாதையின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் வண்டியைத் தாங்கும் எஃகு விற்பட்டைகள் வளைந்து நிமிர்கின்றன. பன்னூறாயிரம் முறை வளைந்தும் எஃகு முறியாதிருப்பதற்குரிய நெறியை முறையாக ஆராய்ந்து கண்டவர், ஆகஸ்டு வோலர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் ஆவார்.

வோலர் 1819ஆம் ஆண்டில் சோல்டௌ என்னும் ஊரில் பிறந்தார்; ஹானோவர் நகரில் பொறியியல் பயின்றார்; 1847இல் புகைவண்டிப் பணியில் பொறுப்பேற்றார். அதற்கு ஐந்து ஆண்டுகட்கு முன்னர், பிரான்சு நாட்டில் வெர்சேல்சிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய புகைவண்டியின் எந்திர அச்சு முறிந்தது. வண்டி கவிழ்ந்து தீப்பற்றியதால் ஐம்பதின்மருக்கு மேல் மாண்டனர். பெருஞ்சுமை தாங்கும் அச்சு, அதனினும் குறைந்த சுமையில் முறிவதேன் என்பது பொறியாளர்களுக்குப் பெரும் புதிராக இருந்தது.

சுமையுடன் சுழலும் அச்சின் புறப்பகுதி ஒவ்வொரு சுற்றிலும் இழுப்பையும் அழுத்தத்தையும் மாறிமாறி அடைகிறது. இதனை உணர்ந்த வோலர், அச்சுகளை வளைத்தவாறே சுழற்றும் பொறிகளை அமைத்தார். ஒவ்வோர் அச்சும் முறியும் வரை சுற்றுகளை எண்ணிக் குறித்தார். இவ்வாய்வு 1870 வரை நீடித்தது. சுமை மிகுந்தால் சில ஆயிரம் சுற்றுகளிலேயே எஃகு முறிகிறது. ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால் பல இலட்சம் சுற்றுகளுக்குப் பின்னும் முறிவதில்லை. இவ்வுண்மைகளுடன், அச்சின் கூர்மூலைகள் அதன் வலிமையைக் குறைப்பதையும் அவர் கண்டார்.

உலோகச் சோர்வு எனப்படும் இக்கேடு பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தொடங்குகிறது. வளையும் எஃகில் இழுப்பு மிகுவது அங்கேதான். கடினமாக்கப்பட்ட எஃகிலோ சிறு கீறலும் வெடிப்புக்கு வித்தாகும். ஆதலின் 20ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் மேற்பரப்பைப் பேணும் வழிகளை வளர்த்தனர். கரியை ஊட்டிப் புறத்தை மட்டும் கடினமாக்குதல் ஒன்று. சிறு எஃகுக் குண்டுகளை விசையுடன் வீசி மேற்பரப்பை அடித்தல் மற்றொன்று. இவற்றால் மேற்பரப்பில் நிலையான அழுத்தம் உண்டாகிறது. அவ்வழுத்தம் வெடிப்பை விரிய விடாது இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் பொருளின் ஆயுள் நீள்கிறது. வண்டிகளின் விற்பட்டைகளும் இவ்வாறு குண்டடி பெறுவதுண்டு.

வோலர் 1914இல் தம் 94ஆம் வயதில் மறைந்தார். சுமைக்கும் சுற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் வளைகோடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. சலியாது சுற்றுகளை எண்ணிய அவருடைய பொறுமை, எண்ணற்ற பயணிகளின் உயிருக்குக் காவலாயிற்று.