குளத்தூர் தந்த முன்சீப்: வேதநாயகம் பிள்ளை

மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றதும், தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று பள்ளியில் படித்தது பலருக்கும் நினைவுக்கு வரும். அவர் ஒரு கத்தோலிக்கர் என்பதோ நம் பங்குகளிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? பெயரோடு மாயூரம் ஒட்டிக்கொண்டதால், அவர் திருச்சி மண்ணின் மைந்தர் என்பதும் மறந்து போயிற்று.

திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் 1826 அக்டோபர் 11 அன்று, சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். இயேசு சபைக் குருக்கள் மதுரை மிஷனுக்கு மீண்டும் வந்தது 1838-இல்தான். தூய வளனார் கல்லூரி நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு மாறி வந்தது 1883-இல். ஆகவே அவர் இளைஞராக இருந்த காலத்தில், நாம் இன்று பெருமையோடு காட்டும் கல்லூரியும் இல்லை, லூர்து அன்னை ஆலயக் கோபுரமும் இல்லை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். அந்த ஆசிரியர் செய்த வேலையே பின்னர் மாணவருக்கும் அமைந்தது. திருச்சி நீதிமன்றத்தில் முதலில் ஆவணக் காப்பாளராகவும், பிறகு மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார்.

மொழிபெயர்ப்பாளர் வேலை என்றால் எளிதாக நினைத்துவிடக் கூடாது. வழக்காடுகிற குடியானவருக்கு ஆங்கிலம் தெரியாது. தீர்ப்புச் சொல்கிற துரைக்குத் தமிழ் சரியாக வராது. நிலமும் வீடும் யாருக்கு என்பது இடையில் நிற்பவருடைய நாணயத்தைப் பொறுத்தது. அந்த அனுபவம் அவரைக் கடைசிவரை விடவில்லை. 1805 முதல் 1861 வரையான உயர்நிலைத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் வெளியிட்டார். நாவலிலும்கூட, கட்சிக்காரருக்குப் புரியாத மொழியில் வழக்கறிஞர்கள் வாதாடுவதைக் கேலி செய்திருக்கிறார். தமிழ்நாட்டில் தமிழில் நீதி வேண்டும் என்ற அவருடைய வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

1857-இல் முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி என்று போய், மாயூரத்தில் சுமார் 13 ஆண்டுகள் நீதி வழங்கினார். கைக்கூலி வாங்காத முன்சீப் என்று பெயர் எடுத்தார். லஞ்சத்தை வெறுத்ததோடு நில்லாமல், லஞ்சம் வாங்குவோரைச் சாடிப் பாட்டும் எழுதினார்! 1872-இல் பணியை விட்ட பிறகு மாயூரம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார்.

அவருடைய நட்பு வட்டம் வியப்பூட்டுவது. திருச்சியில் வாழ்ந்து, திருவானைக்காவல் அகிலாண்டநாயகிக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு உயிர் நண்பர். பழுத்த சைவரான அந்தப் பெரும்புலவர், ஒரு கத்தோலிக்க நண்பரைத் தலைவராக வைத்துக் 'குளத்துக் கோவை' என்றொரு நூலே இயற்றினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் அவரும் ஒருவரையொருவர் மதித்துப் பழகினர். இளைஞராக இருந்த உ.வே. சாமிநாதையர், ஆசிரியரோடு சென்று அவரைக் கண்டு பழகியவர்.

இப்படிப் பழகியதால் அவருடைய விசுவாசம் நீர்த்துப் போனதா? இல்லை. தேவமாதா அந்தாதி, திருவருள் மாலை, பெரியநாயகி அம்மாள் பதிகம் என்று இறைவனுக்கும் அன்னை மரியாவுக்கும் பாமாலைகள் சூட்டியவர் அவர். அதே கையால்தான் 1878-இல் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' வெளியாயின. எந்த ஒரு சமயத்துக்கும் மட்டுமே உரிய பெயரால் கடவுளை அழைக்காமல், எவரும் வாய்விட்டுப் பாடும்படி அமைத்த பாடல்கள் அவை. ஒரு கத்தோலிக்கர் இப்படி எழுதலாமா என்று கேட்பவர் இன்றும் இருக்கலாம். என் எண்ணத்தில், தம் விசுவாசத்தில் ஊன்றி நின்றவருக்கே இந்தத் துணிவு வரும். சமயச் சார்பற்ற அந்தப் பாடல்களைக் கர்நாடக இசைக் கலைஞர்கள் மேடையில் பாடி வந்திருக்கிறார்கள். நம் ஆலயப் பாடகர் குழுக்களில் அவற்றைக் கேட்பது அரிது.

'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் அச்சேறியது. அதில் கதைத் தலைவன் பிரதாபன் என்றாலும், ஆபத்தில் கை கொடுப்பவள் மனைவி ஞானாம்பாள்தான். அவள் ஆண் வேடம் பூண்டு அரசாள்கிறாள், கணவனைக் காப்பாற்றுகிறாள். பெண் கல்வியை வலியுறுத்தி அவர் முன்னரே 'பெண்மதி மாலை' எழுதியிருந்தார். பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது.

நூல்களைவிட என்னை அதிகம் தொடுவது 1876 முதல் 1878 வரை நீடித்த கொடிய பஞ்சத்தின்போது அவர் நடந்துகொண்ட விதம். சென்னை மாகாணம் முழுவதும் இலட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். வேதநாயகம் பிள்ளை அப்போது பதவியில் இல்லை. முன்சீப் அதிகாரமும் இல்லை, அந்தச் சம்பளமும் இல்லை. இருந்தும் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்க்க ஏற்பாடு செய்தார். கஞ்சிக்கு வந்தவர்களிடம் சாதியோ சமயமோ கேட்கப்படவில்லை. 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், மனிதரைப் புகழ்ந்து பாடும் வழக்கம் இல்லாதவர். அவரே இந்தத் தொண்டைக் கண்டு மனம் உருகி, வேதநாயகரைப் போற்றி ஒரு கீர்த்தனை இயற்றினார்.

பின்னர் 1887-இல் 'சுகுண சுந்தரி' என்ற இரண்டாவது நாவல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1886-இல், இந்தியத் திருச்சபையில் மறைமாவட்டங்கள் முறைப்படி நிறுவப்பட்டபோது திருச்சி மறைமாவட்டமும் உருவாகியிருந்தது. 1889 ஜூலை 21 அன்று, தம் 62-ஆம் வயதில், வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் இறைவனடி சேர்ந்தார்.