ஐடா பி. வெல்ஸ்: சந்தாப் பட்டியலே மூலதனம்

ஒடுக்கப்பட்டோரின் ஏடு யாருடைய பணத்தில் நடக்கிறது என்பதே அதன் சுதந்திரத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸின் வாழ்க்கை இதற்குச் சான்று.

1862இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஹாலி ஸ்பிரிங்ஸ் ஊரில் அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தார். 1878இல் மஞ்சள் காய்ச்சலுக்குப் பெற்றோர் பலியாயினர். தம்பி தங்கையரைக் காக்கப் பதினாறு வயதில் ஆசிரியரானார். 1884இல் ரயிலில் பெண்களுக்கான பெட்டியிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டார். வழக்குத் தொடுத்து 500 டாலர் இழப்பீடு வென்றார். 1887இல் டென்னசி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துசெய்தது. அவ்வழக்கைப் பற்றி எழுதியதே இதழியலுக்கு வாயிலாயிற்று. ‘அயோலா’ என்ற புனைபெயரில் கறுப்பின ஏடுகளில் எழுதினார். ஆயினும் பிழைப்பு ஆசிரியப் பணியில்தான்.

1889இல் மெம்பிஸ் நகரின் ‘ஃப்ரீ ஸ்பீச்’ ஏட்டில் பங்குதாரரானார். கறுப்பினப் பள்ளிகளின் அவலத்தை எழுதியதற்காக 1891இல் பள்ளி நிர்வாகம் அவருடைய வேலையைப் பறித்தது. அதன்பின் ஊர் ஊராக ரயிலில் சென்று சந்தா சேர்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதோரும் அடையாளம் கண்டு வாங்குவதற்காக ஏடு இளஞ்சிவப்புத் தாளில் அச்சானது.

1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸும் வேறு இருவரும் கும்பலால் கொல்லப்பட்டனர். வெள்ளை வணிகரின் கடைக்குப் போட்டியாக மளிகைக் கடை நடத்தியதே பகைக்கு வேர். இத்தகைய கொலைகளுக்குக் கற்பிக்கப்பட்ட பாலியல் குற்றச்சாட்டுகளை வெல்ஸ் விசாரித்து, அவற்றின் பொய்யை எழுதினார். மே மாதத்தில் அவர் வெளியூரில் இருந்தபோது ஏட்டின் அலுவலகம் சூறையாடப்பட்டது. கொலை மிரட்டலால் ஊர் திரும்ப இயலவில்லை.

அச்சகம் அழிந்தது, வாசகர்கள் அழியவில்லை. ‘ஃப்ரீ ஸ்பீச்’ ஏட்டின் சந்தாப் பட்டியலைக் கொடுத்து, ‘நியூயார்க் ஏஜ்’ ஏட்டில் நான்கில் ஒரு பங்கைப் பெற்றார். நியூயார்க், புரூக்ளின் கறுப்பினப் பெண்கள் திரட்டித் தந்த 500 டாலர், அவருடைய முதல் நூலை அச்சேற்ற உதவியது. 1895இல் வெளிவந்த ‘சிவப்புப் பதிவேடு’ நூலில் வெள்ளையர் ஏடான ‘சிகாகோ டிரிபியூன்’ வெளியிட்ட கொலைக் கணக்கையே ஆதாரமாக்கினார். எதிர்த்தரப்பின் ஆவணமே மறுக்கவியலாத சான்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

1931இல் மறைந்தார். 2020இல் புலிட்சர் சிறப்பு விருது வந்தது. கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2022இல்தான் பிறந்தது.

சம்பளம் தருபவர் வேலையைப் பறிக்கலாம். கும்பல் அச்சகத்தை உடைக்கலாம். காசு கொடுத்துப் படிக்கும் மக்களை இருவராலும் பறிக்க முடியவில்லை. இன்று சொந்த ஊடகம் தொடங்கும் நம் இளைஞர்கள் முதலில் திரட்ட வேண்டியது அந்த மக்களையே.