குட்மன் ஒதுக்காத கேள்வி

வன்னியில், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட ஒருவரை நேர்கண்டு முடித்து, ஒலிப்பதிவை நிறுத்திய பிறகுதான் அவர் அதைக் கேட்டார்: தன்னால் தகப்பனாக முடியுமா என்று. என்னிடம் பதில் இருக்கவில்லை. தேடிப் போனபோது, பரா ஒலிம்பிக்கைத் தொடக்கியவராக மட்டும் நான் அறிந்திருந்த லுட்விக் குட்மனின் இன்னொரு பக்கம் தெரிந்தது.

குட்மன் 1899 இல் அன்றைய ஜேர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1917 இல் வைத்தியசாலைத் தொண்டராக இருந்தபோது, முதுகு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் சில வாரங்களிலேயே இறந்துபோனதைக் கண்டார். பின்னர் நரம்பியல் வைத்தியரானார். நாஜிகளிடமிருந்து தப்பி 1939 இல் குடும்பத்துடன் பிரித்தானியாவுக்கு அகதியாக வந்தார்.

1944 இல் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில், போரில் காயப்பட்டோருக்கான முள்ளந்தண்டுப் பிரிவு அவர் பொறுப்பில் தொடங்கியது. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே அவர்களைக் கொன்றுகொண்டிருந்தன. இரவு பகலாக, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளரைத் திருப்பிப் படுக்க வைத்தார். 1948 இல் 16 பேருடன் அங்கே நடந்த வில்வித்தைப் போட்டியே பரா ஒலிம்பிக்கின் விதை.

உயிர் தப்பியவர்களில் பலர் இளைஞர்கள். பிள்ளை வேண்டும் என்ற அவர்களின் ஆசையைக் குட்மன் ஒதுக்கவில்லை. முள்ளந்தண்டுக் கால்வாய்க்குள் நியோஸ்டிக்மின் மருந்தை ஏற்றி விந்தை வெளிவரச் செய்யும் முறையை ஆராய்ந்து, 1971 இல் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். ஆபத்தான பக்கவிளைவுகளால் அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. 1980 இல் அவர் காலமானார்.

இன்று வேறு வழிகள் உண்டு. முதலில் மருத்துவ அதிர்வுக் கருவி. பத்தாவது நெஞ்சு முள்ளெலும்புக்கு மேலே காயம் என்றால் இது பெரும்பாலும் பலன் தரும். சரிவராவிட்டால் மின்தூண்டல், அல்லது விதையிலிருந்து சத்திரசிகிச்சை மூலம் விந்தணு எடுத்தல். இவர்களின் விந்தணுக்கள் எண்ணிக்கையில் போதுமாக இருந்தாலும் நகரும் வலு குறைந்திருப்பது வழமை. அதனால் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவார்கள். அதுவும் போதாவிட்டால், ஒரேயொரு விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் முறை இருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. ஆறாவது நெஞ்சு முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ காயம்பட்டவர்களுக்கு, இத்தகைய தூண்டலின்போது இரத்த அழுத்தம் உயிராபத்தாகும் அளவுக்கு உயரலாம். முள்ளந்தண்டுக் காயத்தில் இப்படி அழுத்தம் எகிறுவதை 1947 இலேயே ஆராய்ந்து எழுதியவர்களில் குட்மனும் ஒருவர். எனவே முதல் முயற்சி வைத்தியரின் கண்காணிப்பிலேயே நடக்க வேண்டும்.

மறுமுறை போனபோது இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். இத்தனை வருடத்தில் எந்த வைத்தியரும் இதைப் பற்றித் தன்னிடம் பேசியதில்லை என்றார். வெட்கத்தில் தானும் கேட்டதில்லையாம்.